மானம் கப்பலேறும் முன்னே

வாரும் மருமகனே, உக்காரும். கப்பல்ல போறீராம். ராத்திரி என் மக போன்ல சொன்னா. ரெண்டு ராத்திரிப் பயணமாம், சென்னையில ஏறிச் சென்னையிலயே இறங்குறதாம். "எங்கம்மா போவுது அந்தக் கப்பல்?"னு கேட்டேன். எங்கயும் போவலயாம். நடுக்கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருமாம். நல்லாத்தான் இருக்கு. நாங்க தூத்துக்குடியில தோணி ஓட்டுன காலத்துல, சரக்கு ஏத்தாம நடுக்கடலுக்குப் போயிட்டு வெறுந்தோணியாத் திரும்பி வந்திருந்தா, முதலாளி தோணித் தலைவனான தண்டலுக்குக் கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. இப்ப அதே காரியத்துக்கு ஜனங்க முன்கூட்டியே பணத்தைக் கட்டிட்டு வரிசையில நிக்குது.

போயிட்டு வாரும். தடுக்கதுக்கு நான் யாரு? ஆனா பேத்தி என் பேத்தில்லா. அஞ்சு வயசு. என் மக கூட வரலை, அவ ஆபீஸ்ல அந்த வாரம் ஆடிட்டாம். நீரும் பிள்ளையும் மட்டும் போறீரு. அதான் ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பலாம்னு பாக்கேன். நான் சொல்லுத ரெண்டு வார்த்தை ரெண்டுல நிக்காதுன்னு உமக்கே தெரியும். காப்பி வருது, குடிச்சுக்கிட்டே கேளும்.

நீரு ஏறப்போற கப்பலைப் பத்தி நானும் விசாரிச்சு வச்சிருக்கேன். பேரு எம்ப்ரஸ். மகாராணிகிட்ட வயசு கேக்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்டேன். 1990ல பிரான்ஸ் நாட்டுல செயின்ட் நசேர்ங்கிற ஊர்ல கட்டுனது. உம்ம பொண்டாட்டியவிட மூத்தவ. ராயல் கரீபியன் கம்பெனிக்காரன் அமெரிக்காக்காரங்களை மூணு நாளு, நாலு நாளுன்னு பஹாமாஸ் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டு வர்றதுக்குன்னே செஞ்ச கப்பலு. நீளம் 210 மீட்டர், கொள்ளளவுக் கணக்கு 48,000 டன்னுக்கு மேல, மாடி பதினொண்ணு. 2021ல கோர்டீலியா கம்பெனி அதை மும்பையில இருந்து ஓட்ட ஆரம்பிச்சுது. 2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்துல முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பி வச்சாரு. பேப்பர்ல படம் வந்துது, நீரும் பாத்திருப்பீரு.

அது ஏன் ஜூன் மாசமாப் பாத்துச் சென்னைக்கு வருதுன்னு யோசிச்சீரா? நீரு எங்க யோசிக்கப் போறீரு, உமக்குக் காத்துன்னா ஏசியில இருந்து வருதது. தென்மேற்குப் பருவம் பிடிச்சா அரபிக்கடலு குதிகுதின்னு குதிக்கும். அந்த மாசங்கள்ல மகாராணி மும்பையை விட்டுட்டு நம்ம பக்கம் வந்து ஒதுங்கிக்கிடுவா. ஆனி ஆடியில இங்க கச்சான் காத்து. தரையில இருந்து கடலுக்கு அடிக்கதுனால சென்னைக் கரையோரம் அலை அந்த அளவுக்கு எழும்பாது. ஐப்பசி பிறந்துட்டா கதையே வேற. வாடையும் கொண்டலும் மாறி மாறி வந்தா வங்கக் கடலு யாரு பேச்சையும் கேக்காது. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்கல்லா, ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கு. இனிமே எப்ப டிக்கெட்டுப் போட்டாலும் காத்தை விசாரிச்சுட்டுப் போடும். தள்ளுபடியை மட்டும் விசாரிச்சுட்டுப் போடாதேயும்.

தள்ளுபடின்னதும் ஞாபகம் வருது. "குழந்தைக்கு இலவசம்"னு போட்டிருந்தான், அதைப் பாத்துத்தான் மயங்கினீருன்னு என் மக சொன்னா. நம்ம ஊர்க்காரனுக்கு இதெல்லாம் புதுசாவே? 1906ல ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்குனாரு. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலு வந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடுச்சு. எதிராளி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அவன் கட்டணத்தைக் குறைச்சான், இவரும் குறைச்சாரு. கடைசியில வெள்ளைக்காரன், "சும்மா வந்து ஏறு, கூட ஒரு குடையும் தாரேன்"னு ஆள் பிடிச்சதாச் சொல்லுவாங்க. குடை வாங்குனவனுக்கு அன்னைக்குச் சந்தோசம்தான். போட்டிக்கு ஆள் இல்லாமப் போன பிறகும் குடை குடுக்க அவனுக்கு என்ன பைத்தியமா?

உம்ம டிக்கெட்டுல குடை எங்க இருக்குன்னு பாரும். குழந்தைக்கு இலவசம்னு சொல்லுத கப்பல்கள்ல பெரும்பாலும் அது ரெண்டு பெரியவங்களோட மூணாவதா ஒரே அறையில படுக்கிற குழந்தைக்குத்தான். நீரும் பிள்ளையும் மட்டும் போனா அவ ரெண்டாவது ஆளு. ரெண்டாவது ஆளுக்குப் பல் விழுந்து முளைக்கலைன்னாலும் பெரியாள் காசு கேட்டுருவான். சரி, இலவசமே கிடைச்சுதுன்னு வையும். துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, பணியாளுங்களுக்கான கொடைன்னு தனித்தனியா நிக்கும். அதுல பிள்ளை, பெரியாளுன்னு ரொம்பப் பாக்க மாட்டான். விளம்பரத்தை மேல இருந்து படிக்காதேயும். அடியில பொடி எழுத்துல மொத்தத் தொகை போட்டிருப்பான், அங்கன இருந்து மேல ஏறி வாரும்.

பணம் போனாப் போவுது. இப்ப நேரடியா ஒண்ணு கேக்கேன். உமக்குச் சடை பின்னத் தெரியுமா?

சிரிக்காதேயும். பிள்ளைக்கு இடுப்பு வரைக்கும் முடி. உப்புக் காத்துல அரை மணி நேரம் மேல் தளத்துல நின்னான்னா, தலை சிக்குப் பிடிச்சு நீரு சீப்பை வைக்க இடம் இருக்காது. இன்னும் நாளு இருக்குல்லா, நாளைக்குக் காலையில இருந்து நீரே சீவிப் பழகும். எண்ணெய் தொட்டு, நுனியில இருந்து சிக்கெடுத்துக்கிட்டு மேல வரணும். உச்சியில சீப்பை வச்சு ஒரே இழுவையா இழுத்தீருன்னா, அவ போடுற கூச்சல்ல கேப்டன் சங்கு ஊதிருவாரு.

கரையில நீரு நல்ல தகப்பன்தான், நான் இல்லன்னு சொல்லல. சாயங்காலம் வந்து பிள்ளையைத் தூக்கி ரெண்டு சுத்துச் சுத்துவீரு. அவ சிரிப்பா, நீரும் சிரிப்பீரு, போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புவீரு. அவ மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சா மட்டும், "அம்மா கூப்பிடுதா பாரு"ன்னு அடுக்களைப் பக்கம் திருப்பி விட்டுருவீரு. வயிறு வலிச்சா அம்மா. செருப்புல ஒண்ணைக் காணலைன்னா அம்மா. "ராத்திரி ஏன் இருட்டா இருக்கு"ன்னு கேட்டாக்கூட அம்மா. உம்மை மட்டும் சொல்லப்படாது, எங்க ஆளுங்க இந்த வித்தையில உமக்கு வாத்தியாருங்க. பிள்ளை அழுற சத்தம் கேக்கதுக்கு முன்னாடியே காத்து நல்லாருக்குன்னு தோணியில ஏறிருவாங்க. ஆம்பளைங்க கடலுக்குப் போறதே வீட்டுல இருந்து தப்பிக்கத்தான்னு ஊர்ப் பொம்பளைங்க சொல்லுவாங்க. நீரு என்னடான்னா, தப்பிச்சு ஓடுற கப்பல்லயே பிள்ளையையும் கூட்டிட்டு ஏறுதீரு. எங்க கடற்கரையில எவனும் துணியாத காரியம் வே இது!

கப்பல்ல நின்னுக்கிட்டு "அம்மாட்டக் கேளு"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாரும். பிள்ளை சுத்துமுத்தும் தேடும். நாலு பக்கமும் தண்ணி. அப்புறம் உம்ம மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கும். ரெண்டு ராத்திரிக்கும் நீருதான் அம்மா, நீருதான் அப்பா, நீருதான் பள்ளிக்கூடத்து மிஸ்சு. போன்ல சிக்னல் கரை மறைஞ்ச கொஞ்ச நேரத்துல செத்துப்போவும். கப்பல்காரன் தனிக் காசுக்கு வைஃபை விப்பான். வாங்காதேயும். வாங்கினீருன்னா, சாப்பிட மாட்டேங்கா, தூங்க மாட்டேங்கான்னு மணிக்கு ஒரு தடவை என் மகளுக்குத் தகவல் போவும். அவ ஆடிட்டு உருப்பட்ட மாதிரிதான்.

மூட்டை கட்டுத விசயத்துக்கு வாரேன். கறுப்புக் கண்ணாடி, கேமரா, பூப்போட்ட அரைக்கால் டவுசர் எல்லாம் மறக்காம எடுத்து வச்சுருப்பீரு. பிள்ளையோட ஜட்டி எத்தனை எடுத்தீரு? நாளுக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டா கரைக்கு வர்றதுக்குள்ள உம்ம பனியனைத்தான் சுத்தி விடணும். உள்ளூர்ப் பயணந்தான், பாஸ்போர்ட்டு வேண்டியதில்ல. ஆனா அவ ஆதார் அட்டையை உம்ம சட்டைப் பையில வச்சுக்கிடும். பெரிய பெட்டியெல்லாம் வாசல்லயே வாங்கிக்கிட்டு, அறைக்குக் கொண்டுவந்து சேக்கச் சாயங்காலம் ஆக்கிருவான். அதனால மாத்துத் துணி ஒண்ணு, நீச்சத் துணி, பிஸ்கட்டு, மருந்து எல்லாம் தோள்பையில இருக்கட்டும். கப்பலுக்குள்ள ஏசி எலும்பைத் தொடும், ஸ்வெட்டர் வையும். அவ தூங்கும்போது கன்னத்துல வச்சுக்கிடுற பழைய துண்டு ஒண்ணு இருக்குல்லா? நிறமே தெரியாமப் போன துண்டு, போன தீவாளிக்கு நீரு குப்பையில போடப் பாத்து வீடே ரெண்டாச்சே. ஆதார் அட்டையை மறந்தாலும் அதை மறக்காதேயும்.

அறை போடுதப்ப நடுக்கப்பல்ல, கீழ்த்தளமாக் கேளும். முன்னாலயும் பின்னாலயும் ஆட்டம் அதிகம், மேல போவப் போவ இன்னும் அதிகம். பால்கனி வச்ச அறைன்னா உமக்கு ஆசை இருக்கும். போடும், ஆனா பால்கனியில இருக்கிற நாற்காலியை உள்ள இழுத்துப் போட்டுட்டு, கதவுத் தாழ்ப்பாளை மேல போட்டுரும். அஞ்சு வயசுக்காரிக்கு நாற்காலின்னா ஏணிதான். சன்னலே இல்லாத உள்ளறை கிடைச்சா காசு மிச்சம், ஆனா விளக்கை அணைச்சா நெல்லுக் குதிருக்குள்ள விழுந்த எலிக்குத் தெரியுத வெளிச்சந்தான். கண்ணு முழிச்ச பிள்ளைக்கு ராத்திரியா பகலான்னு விளங்காது. குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களிச்சு வையும்.

குளியலறைன்னதும் முக்கியமான சங்கதி. கப்பல் கக்கூஸ்ல வீட்டுல போவுத மாதிரி தண்ணி போவாது. காத்துதான் உறிஞ்சி இழுக்கும். பொத்தானை அமுக்கினா ஒரு உறுமல் உறுமும் பாரும், நீரே ஒரு அடி பின்னால வருவீரு. பிள்ளை அதுமேல உக்காந்திருக்கப்ப நீரு பொத்தானை அமுக்கிட்டீருன்னா, ரெண்டு நாளைக்கு அவ அந்தப் பக்கமே வரமாட்டா. அப்புறம் உம்ம பாடு திண்டாட்டம். முதல்ல இறக்கி நிறுத்தி, மூடியை மூடிட்டு, "இப்ப நீ அமுக்கு"ன்னு சொல்லும். ஒரு தடவை அமுக்கிட்டான்னா பயம் போயிரும். அதுக்கப்புறம் நாள் முழுக்க அதையே அமுக்கிக்கிட்டுத் திரிவா, அது வேற கதை. பொதுக் கழிப்பறைப் பக்கம் பொம்பளப் பிள்ளையோட நின்னு முழிக்காதேயும். எந்தத் தளத்துல இருந்தாலும் லிப்டைப் பிடிச்சு அறைக்கே வந்துரும்.

ஏறுன உடனே சாப்பாட்டுக் கூடத்தைத் தேடி ஓடுவீரு. பணம் கட்டியாச்சுல்லா. அந்த நேரம் பாத்துப் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவான். ஏழு குட்டிச் சங்கு, ஒரு நெட்டைச் சங்கு. அந்தச் சத்தம் கேட்டா எங்க போயிக் கூடணும், மிதவைச் சட்டையை எப்படி மாட்டணும்னு காட்டுவான். நீரு பின்னால நின்னு போன் நோண்டாதேயும். 1912ல டைட்டானிக் முங்குன பிறகுதான் உலக நாடுகள் கூடி 1914ல இதுக்கெல்லாம் சட்டம் எழுதுனாங்க. எழுதியும் 2012ல இத்தாலியில கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதிச்சே, அன்னைக்குப் புதுசா ஏறுனவங்களுக்குப் பயிற்சியே நடக்கலை. 32 பேரு போனாங்க. கப்பல் கிளம்பதுக்கு முன்னாடியோ கிளம்புன கையோடயோ பயிற்சி நடத்தியே ஆவணும்னு அதுக்கப்புறம் இறுக்கிட்டாங்க. பிள்ளைக்குச் சின்ன அளவு மிதவைச் சட்டை அறையில இருக்கான்னு பாரும். இல்லன்னா அப்பவே கேட்டு வாங்கும். உம்ம சட்டைக்குள்ள அவளை மாட்டினீருன்னா சட்டை மட்டும் மிதக்கும். ஆனா ஒண்ணு, இந்தப் பயிற்சியைப் பிள்ளை உம்மவிட நல்லாக் கவனிக்கும் பாரும். ஊருக்கு வந்த பிறகும் ஒரு மாசத்துக்கு வீட்டுல சங்கு ஊதிக்கிட்டு உங்க எல்லாரையும் மொட்டை மாடிக்கு விரட்டும்.

கப்பல் கிளம்புதப்ப எல்லாரும் நீச்சக் குளத்துப் பக்கம் பாட்டுக்கு ஆடுவாங்க. நீரு பிள்ளையைக் கூட்டிட்டு ஓரத்துக்கு வாரும். இழுவைப் படகு ரெண்டு தள்ளிக்கிட்டும் இழுத்துக்கிட்டும் வரும். துறைமுகத்தை விட்டு வெளியேறுத வரைக்கும் வழி சொல்லதுக்கு பைலட்னு ஒருத்தர் கப்பல்ல இருப்பாரு. வெளிய வந்ததும், ஓடுற கப்பலோட பக்கவாட்டுல கயித்தேணியைப் பிடிச்சு இறங்கிச் சின்னப் படகுல கால் வைப்பாரு. அதைக் காட்டும். கப்பல்ல நடக்குத எந்தக் கச்சேரியும் அந்த ஒரு இறக்கத்துக்கு ஈடில்ல. காசும் கிடையாது. முடிஞ்சா இன்னொன்னும் சொல்லும். சென்னையில துறைமுகம் கட்டாத காலத்துல கப்பலு தூரத்துலயே நிக்கும். ஆணி அடிக்காம, கயித்தால பலகையைத் தைச்ச மசூலாப் படகுலதான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். துறைமுகம்னு ஒண்ணு கட்டி முடிக்கதுக்கும் 1881ல புயல் வந்து உடைக்கதுக்கும் சரியா இருந்துது. வாசலைக் கிழக்க பாத்து வச்சிருந்தான். பிறகு அதை அடைச்சு வடகிழக்க திருப்பி வச்சான். வாஸ்து பாக்காமக் கட்டுனான்னு நினைச்சுக்கிடாதேயும், காத்து பாக்காமக் கட்டுனான்.

இனி வாந்தி. இதுல நான் பட்டம் வாங்காத டாக்டரு. ரெண்டு வயசுல இருந்து பன்னண்டு வயசு வரைக்கும் உள்ளதுகளுக்குத்தான் இந்தக் குமட்டல் அதிகம்னு டாக்டருமாரு சொல்லுதாங்க. காதுக்குள்ள இருக்கிற உறுப்பு "ஆடுது"ங்குது, அறைக்குள்ள இருக்கிற கண்ணு "ஆடலையே"ங்குது. ரெண்டும் சண்டை போட, வயிறு நடுவுல மாட்டிக்கிட்டுத் தவிக்குது. அப்ப பிள்ளையை மேல கூட்டிட்டு வந்து வானமும் கடலும் சேருத கோட்டைப் பாக்கச் சொல்லும். கண்ணும் காதும் சமாதானமாயிரும். கையில போனைக் குடுத்துக் கார்ட்டூன் காட்டினீருன்னா தொலைஞ்சீரு. வெறும் வயிறும் ஆவாது, முட்ட முட்டத் தின்னதும் ஆவாது. காஞ்ச ரொட்டி, இஞ்சி மிட்டாய், நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. மாத்திரைன்னா பிள்ளை டாக்டர்ட்ட எடையைச் சொல்லி அளவு கேட்டு வாங்கும். அதையும் ஏறுததுக்கு முன்னாடியே குடுக்கணும். குமட்டல் வந்த பிறகு குடுத்தா மாத்திரைதான் முதல்ல வெளிய வரும்.

இதெல்லாம் பிள்ளைக்காகச் சொல்லுதேன்னு நினைச்சீராக்கும். கொடைக்கானல் பஸ்ல வத்தலக்குண்டு தாண்டதுக்குள்ள யாரு சன்னலுக்கு வெளிய தலையை நீட்டுனதுன்னு ஊருக்கே தெரியும். பேத்திக்குச் சொல்லி வச்சிருக்கேன், "அப்பா படுத்துட்டாருன்னா மணியடிச்சு அறையைப் பாத்துக்கிடுற மாமாவைக் கூப்பிடு, நாரத்தங்காய் டப்பா சிவப்புப் பையில இருக்கு"ன்னு. அவ ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டிட்டா.

சாப்பாட்டுல நீரு செய்யப் போறது எனக்கு இப்பவே தெரியுது. அம்பது வகை வச்சிருப்பான். காசு குடுத்திருக்கோமேன்னு பிள்ளை தட்டுல ஒவ்வொண்ணா அடுக்குவீரு. அவ தயிர்ச்சோறும் அப்பளமும் கேப்பா. குடும். கப்பல்லயும் அதே தயிர்ச்சோறுதானான்னு பொருமாதேயும், ஐஸ்கிரீமுக்கு வயித்துல இடம் விட்டு வச்சிருக்கா. ஆயிரம் பேரு தொடுற கரண்டியில்லா, சாப்பிட முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவும். வாசல்ல ஒருத்தன் கையில ஜெல் ஊத்துவான். அது இருக்கட்டும். கப்பல்ல பரவுத வாந்திபேதி நோரோ வைரஸ் அந்த ஜெல்லுக்கு அவ்வளவா மசியாது, சோப்புத் தண்ணிக்குத்தான் போவும்.

குழந்தைங்க விளையாட்டுக்குன்னு தனி இடம் இருக்கு. பொம்மை, படம் வரையுதது, ஆட்டம் பாட்டம்னு கவனிச்சுக்கிட ஆளும் இருப்பாங்க. நல்ல ஏற்பாடுதான். ஒரு மணி நேரம் விட்டுட்டுக் குளிச்சு வாரும், ஒரு காப்பி குடியும். ஆனா காலையில விட்டுட்டு ராத்திரி கூட்டிட்டு வரலாம்னு ஒரு யோசனை உம்ம மண்டையில ஓடுதுல்லா, அதை இங்கயே கழட்டி வச்சுட்டுப் போவும். அந்தக் கப்பல்ல சீட்டாட்டக் கூடம் இருக்குன்னும் எனக்குத் தெரியும். 2022ல அதே கப்பலைப் புதுச்சேரிக்கு விடதுக்கு, அதுல சூதாட்டம் உண்டுன்னு எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கம் அனுமதி குடுக்கலை. புதுச்சேரியே அப்ப வேண்டாம்னு சொன்ன சமாச்சாரம் வே! சாராயத்துக்கு முகம் சுளிக்காத ஊரு. என் மகளுக்குத் தெரியாதுன்னு நினைச்சு அந்தப் பக்கம் கால் வச்சீருன்னா, உம்மோட வருதது யாரு? என் பேத்தி. அவ வாயில எள்ளு ஊறாது.

நீச்சக் குளத்துல காவலாள் இருப்பான்னு நம்பாதேயும், நிறைய கப்பல்கள்ல கிடையாது. உம்ம கைக்கெட்டுத தூரத்துல அவ இருக்கணும். செல்பி எடுக்கதுக்கு இன்னொரு கை வேணும்னா வேற ஆளைப் பாரும்.

பிறகு கேள்வி. ரெண்டு நாளும் கேப்பா. இரும்பு எப்படி மிதக்குது? மீனு எப்பத் தூங்கும்? கக்கூஸ் தண்ணி எங்க போவுது? கப்பலுக்கு பிரேக் எங்க இருக்கு? தெரியாததுக்குக் கதை விடாதேயும், பிடிச்சுருவா. தெரிஞ்சுக்கிட வேண்டியதை ஒண்ணு ரெண்டு நான் தாரேன். கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை. ராத்திரி தூரத்துல ஒரு கப்பலு சிவப்பு காட்டிச்சுன்னா அதோட இடப்பக்கம் நமக்குத் தெரியுதுன்னு அர்த்தம், எந்தப் பக்கமாப் போவுதுன்னு அவளே சொல்லட்டும். வேகத்தை நாட்னு சொல்லுவான். ஒரு நாட்டுன்னா மணிக்கு 1,852 மீட்டர். கடலு எம்புட்டுத் தூரம் தெரியும்னு கேட்டா, மெரினா மணல்ல நிக்கிற ஆளுக்கு அஞ்சு கிலோமீட்டருக்குள்ள கோடு வந்துரும், 25 மீட்டர் உயரத்துல ஏறி நின்னா 18 கிலோமீட்டர் தெரியும்னு சொல்லும். ஓங்கில் துள்ளிச்சுன்னா, அதை டால்பின்னு அவ சொல்லுவா, நீரு ஓங்கில்னு சொல்லிக் குடும். எங்க ஆளுங்க பேரு அவ வாயில ஒண்ணாவது இருக்கட்டும்.

ரெண்டாவது நாளு ஒரு விசித்திரம் நடக்கும். கச்சேரி, மாயவித்தை, நடனம்னு பட்டியல் போட்டு அறைக் கதவுல சொருகியிருப்பான். நீரு கையில வச்சுக்கிட்டு, "ஆறு மணிக்கு இது, ஏழு மணிக்கு அது"ன்னு பறப்பீரு. அவ லிப்டுல பதினோரு மாடியும் ஏறி இறங்கணும்பா. படிக்கட்டுல உக்காந்து எண்ணணும்பா. கட்டிலுக்கு அடியில துண்டை விரிச்சு வீடு கட்டி, உம்மையும் உள்ள வரச் சொல்லுவா. உம்ம தொப்பைக்கு அங்க இடம் இருக்காது. இருந்தாலும் போவும். கச்சேரிக்குக் குடுத்த காசு வீணாப் போவுதேன்னு முணுமுணுக்காதேயும், அந்தப் பாட்டெல்லாம் உம்ம போன்லயே இருக்கு.

ராத்திரி அம்மா வேணும்பா. முதல் ராத்திரி கட்டாயம் கேப்பா, அதுக்குத் தயாராப் போவும். உமக்குக் கதை தெரியுமா? தெரியாது. அதான் நான் ஒண்ணு தாரேன். தோணியில சமையல்காரப் பையன் ஒருத்தன் ஓங்கில்கிட்ட உப்பு கடன் வாங்குன கதை. கடலுக்குள்ளயே உப்பு தீந்துபோச்சுன்னு ஆரம்பியும், மிச்சத்தை அவளே கேட்டுக் கேட்டு உம்ம வாயில இருந்து எடுத்துருவா. கதை எப்படி முடியும்னு என்கிட்ட கேக்காதேயும். என் மக சின்னதுல அதை முழுசாக் கேட்டதே கிடையாது, பாதியிலயே தூங்கிருவா.

கரையில இறங்குனதும் பிள்ளை தரை ஆடுதும்பா. உமக்கும் ஆடும். பயப்படாதேயும், பெரும்பாலும் ஒரு நாளு ரெண்டு நாளுல நின்னுரும். வீட்டுக்கு வந்ததும் என் மக விசாரணை வைப்பா. நல்லாச் சாப்பிட்டாளா, தூங்குனாளா, அழுதாளான்னு கேப்பா. எல்லாத்துக்கும் "ஒரு பிரச்சினையும் இல்ல"ன்னு மாரைத் தட்டாதேயும். தட்டினீருன்னா அடுத்த மாசம் அவ தன் தோழிங்களோட ஊட்டிக்குக் கிளம்பிருவா, பிள்ளை உம்ம கையில. "கஷ்டம்தான், சமாளிச்சேன்"னு நடுவாந்தரமாச் சொல்லும். பிள்ளைகிட்ட "அம்மாட்டச் சொல்லாத"ன்னு எதையும் ரகசியம் பேசி வைக்காதேயும், வாசப்படி ஏறுததுக்குள்ள முதல்ல அதைத்தான் சொல்லுவா. ஐஸ்கிரீம் எத்தனை தின்னாங்கிற கணக்கை மட்டும் அவ வாயைத் திறக்க முன்னாடி நீரே முந்திச் சொல்லிப்புடும். ஒண்ணு ரெண்டு கூட்டியே சொல்லும்.